ஜாடி நிறைந்தால்

சாக்கு மடித்து வைக்கப்பட்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போயிருப்பார்கள். முந்தின நாள் சாயங்காலம் அவள்தான் அதை நனைத்து, நாற்றுத் தட்டுகளுக்கு நடுவே உள்ள வழியில் விரித்து, மேலே நாலு முட்டைக்கோஸ் இலையைப் பரப்பிவிட்டு வந்தாள். நத்தைகள் ராத்திரி முழுக்க நாற்றைத் தின்றுவிட்டு, விடியும் நேரத்தில் ஒளிய இடம் தேடும். ஈரச்சாக்கு கிடைத்தால் விடாது. வெயில் ஏறுமுன் தூக்கிப் பார்த்தால் அடியில் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கும். பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போட வேண்டியதுதான். பதினோரு வருஷமாக இதே வேலை. விரித்த சாக்கு விரித்தபடியேதான் கிடக்கும்.

இன்றைக்கு அது நாலாக மடிந்து, ஓரத்தோடு ஓரம் சேர்ந்து, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது. மேலே ஒரு கல். பறந்துவிடக் கூடாதென்று நட்டநடுவில் பார்த்து வைத்த கல். நனைந்த சாக்கு எங்கே பறக்கப்போகிறது என்று அவள் ஒருத்தியிடம் எத்தனையோ தடவை கேட்டுச் சிரித்திருக்கிறாள். அந்த ஒருத்தி செத்துப் போய் ஒரு வருஷமும் பத்து நாளும் ஆகிறது.

ஆறு நாளாக மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் கறுப்பு நிழல்வலைக்குக் கீழே பலகை அடித்து, மூன்று வரிசையாகக் குழித்தட்டுகள் வைத்திருந்தாள். தக்காளி, கத்தரி, முட்டைக்கோஸ், கடைசி வரிசையில் சாமந்தி. நாற்று விற்றுத்தான் பிழைப்பு. மழைக்காலத்தில் ஒரே ராத்திரியில் ஒரு தட்டு மொட்டையாகிவிடும், காம்பு மட்டும் குச்சி குச்சியாக நிற்கும். சாம்பல் தூவிப் பார்த்தாள், முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டுப் பார்த்தாள், பலகைக் கால்களில் செப்புத் தகடுகூடச் சுற்றிப் பார்த்தாள். கடைசியில் கையால் பொறுக்குவதுபோல் எதுவும் இல்லை என்று ஆனது.

கையால் என்ற சொல்லையே இப்போதெல்லாம் அவள் வாயில் எடுப்பதில்லை.

சாக்கைப் பிரித்து உதறினாள். ஒரு நத்தைகூட இல்லை. தட்டுகளில் ஒரு இலைகூடக் கடிபடவில்லை. ஆறு நாள் மழைக்கு அது நடக்காத காரியம். நாமேதான் மடித்திருப்போம், தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தால் இப்படித்தான் புத்தி பேதலிக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டு, கத்தரித் தட்டுகளைத் தூறல் படாத பக்கமாக நகர்த்தப் போனாள்.

அந்த ஒருத்தி அவள் மகள். வீட்டில் பட்டாணி என்று பெயர். பிறந்தபோது அத்தனை உருண்டையாக இருந்தாள் என்று அப்பா வைத்தது. எட்டு வயசுப் பெண், வாய் மட்டும் எட்டுத் தெருவுக்குக் கேட்கும். சாக்கைத் தூக்கி நத்தை பொறுக்கி, பிறகு அதை மடித்துக் கல் வைப்பது அவள் வேலை. அதற்கென்று பழைய பிஸ்கட் ஜாடி ஒன்றைப் பிடித்துவைத்திருந்தாள், கண்ணாடி ஜாடி, சிவப்பு மூடி. மூடியில் ஓட்டை இல்லாவிட்டால் நத்தைக்கு மூச்சு முட்டும் என்று அப்பாவை நச்சரித்து ஆணியடித்து ஓட்டை போட வைத்தாள். எப்படியும் உப்புத் தண்ணீரில்தானே போகப்போகிறது என்று அவர் சிரித்ததற்கு, அதுவரைக்கும் அது மூச்சு விட வேண்டாமா என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். பொறுக்கி முடித்ததும் ஜாடியைப் பின்கதவுப் படியில் வைத்து, மூடியை மூன்று தடவை விரலால் தட்டுவாள். அதற்குப் பிறகு நடப்பதைப் பார்க்க நிற்க மாட்டாள், ஒரே ஓட்டம்தான்.

கூலியையும் அவளே பேசி முடித்திருந்தாள். அப்பா லாரியில் போயிருக்கும் நாட்களில், ஜாடி கழுத்து வரைக்கும் நிறைந்தால் அன்று ராத்திரி அம்மா பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம். குறைந்தால் தன் கட்டிலில்தான். தூக்கத்தில் எட்டி உதைக்கிற பிள்ளை, அம்மாவோ விடியுமுன் எழ வேண்டியவள். அப்போது அது தொந்தரவாகத் தெரிந்தது. இன்றைக்கு அந்த ஒரு உதைக்காக அவள் எதை வேண்டுமானாலும் கொடுப்பாள்.

கடைசியாகப் பொறுக்கிய நாளில் தலை வலிக்கிறது தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டேதான் பட்டாணி பொறுக்கினாள். ராத்திரி தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூலிக்கு வந்து நின்றாள். "ஒரு விரல் குறைஞ்சுதே, நான்தான் பார்த்தேனே. நாளைக்குப் பாக்கலாம், போடி" என்று சொல்லிவிட்டாள் இவள், விளையாட்டாகத்தான். மறுநாள் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது.

சாக்கு மடிந்திருந்ததற்கு மறுநாள் காலையில் பின்கதவைத் திறந்தபோது படியில் ஜாடி இருந்தது.

அந்த ஜாடியை அவள் செய்தித்தாளில் சுற்றிப் பீரோவின் மேல், பழைய சூட்கேஸுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். கண்ணில் படக் கூடாது, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. இப்போது அது மழைத்துளி வழிய வழியப் படியில் உட்கார்ந்திருந்தது. உள்ளே கண்ணாடியோடு கண்ணாடியாக நத்தைகள் அப்பியிருந்தன. வெளிறிய அடிவயிறுகள் சுருங்கி விரிந்தன, ஓட்டோடு ஓடு உரசிக் கரகரவென்ற சத்தம் மூடியின் ஓட்டைகள் வழியாக வந்தது. சேறும் அழுகின கோஸ் இலையும் கலந்த வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. ஜாடி நிறைந்திருந்தது என்று முதலில் நினைத்தாள். குனிந்து பார்த்தாள். கழுத்துக்கு ஒரு விரல் குறைந்திருந்தது.

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. உப்பு போட மனசு கேட்கவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு ஜாடியைத் தூக்கிப்போய் வேலிக்கு அந்தப்பக்கம் புல்லில் கவிழ்த்தாள். ஜாடியைக் கழுவினாள். மறுபடியும் பீரோ மேல் வைக்க ஏணி போட்டு ஏறியபோது, அங்கே செய்தித்தாள் நாலாக மடிந்து கிடந்தது.

அன்று ராத்திரி மாத்திரை போட்டுக்கொள்ளவில்லை. சமையலறை விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மழை ஓய்ந்து, நிழல்வலையிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது. விடியப்போகிற நேரத்தில் வானம் பாத்திரம் கழுவின தண்ணீர் நிறத்துக்கு வந்தது. தட்டுகளின் வரிசை தெரிந்தது, வாளி தெரிந்தது, நடுவில் விரித்த சாக்கு தெரிந்தது.

சாக்கின் ஒரு மூலை எழும்பியது.

காற்று இல்லை. மூலை எழும்பி, அப்படியே நின்றது, யாரோ குனிந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு அடியில் பார்க்கிற மாதிரி. அந்த இடத்தில் யாரும் இல்லை. பிறகு சத்தம். டக். கண்ணாடியில் ஓடு விழும் சத்தம். கொஞ்சம் இடைவெளி. டக். அவள் எழுந்துபோய்ப் பீரோ மேல் ஜாடி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. டக். பட்டாணி ஒவ்வொன்றாகத்தான் போடுவாள். வலிக்கக் கூடாதாம். டக்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கூப்பிட வேண்டும்போல் இருந்தது, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிடுமோ என்றும் பயமாக இருந்தது. எது திரும்பிப் பார்க்கும் என்று யோசிக்க முடியவில்லை. சாக்கு மடிந்தது. ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு. கல் தரையிலிருந்து எழும்பி அதன்மேல் உட்கார்ந்தது.

பின்கதவுக்கு வெளியே, மூடியில், மூன்று தட்டு.

நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் கதவைத் திறந்தாள். ஜாடி கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தது. மேலே இருந்த ஒன்று ஓட்டை வழியாகக் கொம்பை வெளியே நீட்டி அவளைத் தடவிப் பார்ப்பதுபோல் அசைத்தது.

பத்து மணிக்கு, ரிட்டயரான தபால்காரர் தக்காளி நாற்று வாங்க வந்தார். பக்கத்துத் தெருக்காரர், வாய் ஓயாத மனுஷன். போன தடவை அவளிடம் வாங்கினதில் பாதியை நத்தை தின்றது, மீதியைத்தான் நான் தின்றேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறவர். இன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. தோட்டத்தில் ஒரு நத்தைகூட இல்லை என்றார். பக்கத்து வீட்டிலும் இல்லையாம், எதிர் வீட்டுச் சுவரில்கூட இல்லையாம்.

"ராத்திரியோட ராத்திரியா யாரோ வழிச்சு எடுத்துட்டுப் போன மாதிரி இருக்கு தங்கச்சி. நல்லதுதான். ஆனா பார்த்தா என்னமோ செய்யுது."

அவள் நாற்றை எண்ணிக் கொடுத்து அனுப்பினாள். ஒரு விரல் குறையை நிரப்ப அவ்வளவு தூரம் போயிருக்கிறாள் பிள்ளை. இருட்டில், மழையில், வீடு வீடாக, வெறும் கையோடு.

அன்றைக்கு ராத்திரி அவள் படுக்கையறைக் கதவைத் தாழ் போட்டாள். கூசிக்கொண்டேதான் போட்டாள். பெற்றவள்தான், பயந்துபோனாள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கட்டிலின் நடுவில் சுருண்டாள். நடுராத்திரிக்கு மேல் கதவுக்கு வெளியே ஈரத்துணியைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்து நின்றது. தட்டவில்லை. அழவில்லை. கதவின் மரத்தை ஏதோ மெதுவாக, மிக மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தது. பட்டாணி கோபித்துக்கொண்டால் இப்படித்தான், சத்தம் போட மாட்டாள், பக்கத்தில் வந்து நின்றுகொண்டே இருப்பாள். விடியும் வரைக்கும் அது நின்றது.

காலையில் கதவின் வெளிப்பக்கம் பளபளத்தது. அவள் இடுப்பு உயரத்தில் தொடங்கி ஐந்து கோடுகள், விரித்த விரல் அளவு இடைவெளியில், கீழே வரைக்கும் வழிந்து காய்ந்திருந்தன. நத்தை ஊர்ந்த தடம்தான். துடைத்தாள். துடைக்கத் துடைக்க மினுங்கியது. அங்கேயே மண்டியிட்டு, கோடுகளின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, ஒரு வருஷமாக வராத அழுகையை அழுதாள்.

மத்தியானம் அவள் வீட்டுக்காரர் போன் செய்தார். சரக்கு இறக்கியாயிற்று, நாளை மறுநாள் வந்துவிடுவேன் என்றார். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று வரிசையாகக் கேட்டார். கடைசியில் எப்போதும் கேட்பதைக் கேட்டார்.

"அங்கயும் மழையாமே. பாப்பா கிளவுஸ் பத்திரமா இருக்கா? நனைஞ்சிடப் போகுது, எடுத்து உள்ள வைம்மா."

கையுறை, பின்கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. மஞ்சள் ரப்பர், இருப்பதிலேயே சின்ன அளவு, விரல் நுனிகளில் காய்ந்த சேறு. வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் முதலில் அதன் முன்னால்தான் போய் நிற்பார். தன் சுண்டுவிரலைக் கையுறையின் சுண்டுவிரலில் நுழைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். நீ உன்னால் ஆனதைச் செய்தாய், கையுறை போட்டுத்தான் விட்டாய், நம் தலையெழுத்து என்று அவளுக்கே ஆறுதல் சொல்வார். அந்த ஆறுதலைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குச் செத்துவிடலாம்போல் இருக்கும்.

நத்தையை வெறும் கையால் தொடவிடாதே, பிள்ளைக்குக் கையுறை வாங்கு என்று அவர் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் சொல்லிவிட்டுத்தான் போவார். வாங்கிட்டேன் என்று சொல்லிவிட்டாள். வாங்கவில்லை. தன்னுடையதை மாட்டிப் பார்த்தாள், பட்டாணிக்கு அது தொளதொளவென்று கழன்று விழுந்தது, நத்தை வழுக்கியது. சரி விடு, அப்புறம் கையைக் கழுவிக்கோ என்றாள். கழுவினாளோ இல்லையோ, சட்டைப் பையில் பிஸ்கட் இருக்கும், பொறுக்கிக்கொண்டே தின்பாள். காய்ச்சல் வந்து மருத்துவமனையில் சேர்த்த மறுநாள், துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள் வழியில் இறங்கி, கடையில் சின்ன அளவில் ஒரு ஜோடி வாங்கினாள். குழாயடியில் உட்கார்ந்து விரல் விரலாகச் சேற்றைப் பூசினாள். காயவைத்து ஆணியில் மாட்டினாள். அன்று ராத்திரி அவர் வந்தார்.

சில நத்தைகளில் ஒரு புழு இருக்கும், அபூர்வமாக அது மூளைக்குப் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். குழந்தை வெறும் கையால் நத்தையைத் தொட்டதுண்டா என்று கேட்டார். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எப்போதும் கையுறை போட்டுத்தான் எடுப்பாள் என்று அவள் சொன்னாள். டாக்டர் தலையாட்டிவிட்டு வேறு எதையெல்லாமோ தேடிப் போனார், நாலு நாள் அதில் போயிற்று. பட்டாணிக்கு மேலெல்லாம் வலி. போர்வை பட்டாலே துடித்தாள். தொடாதம்மா, தொடாத என்பதுதான் பிள்ளை கடைசியாகப் பேசினது. இவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை போகும்போதுகூட ஒரு விரலால் தொடவில்லை.

போனில் அவர், "என்னம்மா, லைன்ல இருக்கியா?" என்றார்.

"அது பாப்பாவோடது இல்லங்க."

"எது?"

"கிளவுஸ். அவ ஒரு நாளும் போட்டதில்ல. ஆஸ்பத்திரியில சேத்த மறுநாள் நான்தான் வாங்கினேன். நீங்க வர்றதுக்குள்ள சேத்தைப் பூசி மாட்டி வச்சேன்."

லாரியின் வைப்பர் கண்ணாடியில் தேய்வது கேட்டது. இரண்டு பக்கமும் போய் வந்தது, போய் வந்தது.

"டாக்டர் கேட்டாரே. நான் பக்கத்துலதானே நின்னேன்."

"நீங்க நின்னதாலதான் அப்படிச் சொன்னேன்."

வைப்பர் சத்தம் நின்றது. லைன் அறுந்தது. அவள் திரும்பக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. சாயங்காலம் கூப்பிட்டாள், போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் நாளை மறுநாள் வர மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அதற்கு அவரைக் குறை சொல்லவில்லை.

இருட்டியதும் ஆணியிலிருந்து கையுறையை எடுத்தாள். குழாயடியில் உட்கார்ந்து, தான் பூசின சேற்றை விரல் விரலாகக் கழுவினாள். ஈரம் போகத் துடைத்து, பின்கதவுப் படியில், ஜாடி வைக்கும் இடத்தில் வைத்தாள். தோட்டத்தில் யாரும் இல்லை. மழை திரும்பவும் பிடித்துக்கொண்டிருந்தது.

"போட்டுக்கோ கண்ணு," என்றாள் இருட்டைப் பார்த்து. "இனிமே வெறும் கையால தொடாத. ஜாடி நிறைஞ்சிடுச்சு. அம்மா பார்த்துட்டேன்."

பின்கதவைத் திறந்தே விட்டாள். படுக்கையறைக் கதவையும். கட்டிலில் சுவரோரமாக ஒதுங்கி, அவர் படுக்கும் பக்கத்தைக் காலியாக விட்டு, இன்னொரு தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

வெகு நேரம் மழை மட்டும்.

பிறகு தரையில் அந்த ஈரத்துணிச் சத்தம். சமையலறை. கூடம். நிலைப்படியில் கொஞ்சம் தயங்கியது. உள்ளே வந்தது.

சேற்று வாடை. புது ரப்பர் வாடை.

மெத்தை அமுங்கியது. கொஞ்சம்தான், எட்டு வயசு கனம். போர்வை மறுபக்கமாக இழுபட்டது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். பற்கள் கிட்டித்தன. போர்வைக்குள் ஒரு சின்னக் கால் அவள் கெண்டைக்காலை எட்டி உதைத்தது. சில்லென்று, ஈரமாக. அவளுக்குக் கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

தோளுக்கு மேலாக ஒரு கை வந்து அவள் கன்னத்தில் படிந்தது. சின்னக் கை. ரப்பர்.

போட்டுக்கொண்டிருந்தாள். சொன்ன பேச்சைக் கேட்டிருந்தாள்.

ரப்பருக்கு உள்ளே விரல்கள் அசைந்தன. ஐந்தும். ஒவ்வொன்றும் தனித்தனியாக, மெதுவாக, தன் பாட்டுக்கு ஒரு பக்கமாக நீண்டது. சுருங்கியது. நீண்டது. கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கரகரவென்று உரசின.

"தொடலாமா கண்ணு?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

அவள் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்தி நெஞ்சோடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஓடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்குவது அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது. குளிர்ந்த கொழகொழப்பு மணிக்கட்டு வழியாக வழிந்து அவள் முழங்கைக்கு வந்தது. அவள் பிடியை விடவில்லை.